ஐம்பத்து நான்கு சென்ட்

முதலில் எனக்குத் தெரிந்தது வீடுதான்,
ஆளை அல்ல.
மொன்டானாவில், ப்யூட் என்ற ஊரில்,
தாமிரம் தோண்டித் தீர்ந்த குன்றின் சரிவில்
மஞ்சள் பலகைச் சுவர்,
ஒரு பக்கம் சாய்ந்த தபால் பெட்டி.
தவணை தவறியவர் வீட்டைத்
தெருவில் நின்று படமெடுத்து வர
வங்கி மாதாமாதம் ஆள் அனுப்பும்.
படத்துக்குப் பதினைந்து டாலர்.
அதையும் வீட்டுக்காரர் தலையிலேயே எழுதுவோம்.

நான் இருப்பது சூ ஃபால்ஸில்,
ஒரு பகல் முழுக்க ஓட்டினாலும் போய்ச்சேராத தூரத்தில்.
காணாமல் போன பணத்தைத் தேடுவது என் வேலை.
பணம் காணாமல் போவதில்லை,
இருபத்திரண்டு வருடத்தில் கற்றது இவ்வளவுதான்.
தப்பான அறையில்
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

ஜோனெல் ஸ்டிமாச். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
எட்டுக் கடிதம் எழுதியிருந்தாள்.
முதலாவது தட்டச்சில்.
கடைசி, நோட்டுத் தாளில்;
பேனா தாளைக் கிழித்த இடம்
ஸ்கேனில் கறுப்புக் கீற்றாக விழுந்திருந்தது.
"எல்லா மாதமும் கட்டினேன். எல்லா மாதமும்."
எட்டுக்கும் ஒரே பதில் போயிருந்தது.
அதை எழுதியவர் யாருமில்லை.

மார்ச் மாதக் காசோலை.
கட்டவேண்டியது 1,184.60.
கட்டத்துக்குள் இருந்தது 1,184.06.
ஆறும் பூஜ்யமும் இடம் மாறி உட்கார்ந்ததில்
ஐம்பத்து நான்கு சென்ட் குறைந்தது.
குறைந்த பணத்தை எந்திரம் தவணையாக ஏற்காது,
முழுவதையும் தூக்கி அனாமத்தில் போட்டது.
ஏப்ரலில் சரியாகத்தான் கட்டினாள்.
அது மார்ச்சின் பள்ளத்தை மூடப் போயிற்று.
ஏப்ரல் பள்ளமாயிற்று.
மே வந்து ஏப்ரலை மூடியது.
இப்படி ஒரே குழி
மாதம் மாதமாக நகர்ந்து நகர்ந்து
அவள் வாசற்படிக்கு வந்துவிட்டது.
ஒவ்வொரு நகர்வுக்கும் தாமதக் கட்டணம்.
பிறகு ஏல அறிவிப்பு.

அதைக் கதவில் ஒட்டியவன் யாரோ,
பெயின்ட் உரியாத நீல நாடாவால் ஒட்டியிருக்கிறான்.
பத்தாவது படத்தில் தெரிகிறது.

காசோலையை இன்னும் பெரிதாக்கினேன்.
கீழே, கோட்டின் மேல், சாய்ந்த கையெழுத்தில்:
ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு டாலர்
அறுபது சென்ட்.

அறுபது.

எண்ணும் எழுத்தும் முரண்பட்டால்
எழுத்தே செல்லும்,
வங்கியில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம்.
எந்திரம் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தது.
ஐம்பத்து நான்கு சென்ட்டை அவள் கொடுத்தாள்.
நாங்கள்தான் வாங்காமல் விட்டோம்.
அந்த மார்ச் இரவு கை ஏன் தடுமாறியது?
காய்ச்சலோ, தொலைபேசி மணியோ, சும்மாவோ.
கோப்பில் அதற்குக் கட்டம் கிடையாது.

திருத்த நாற்பது நிமிடம் ஆயிற்று.
குழி மூடியது. ஏலம் நின்றது.
கடிதத்தில் "வருந்துகிறோம்" என்று சேர்த்தேன்.
மேலாளர் டெரல் அதை எடுத்துவிட்டுப்
"பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன" என்று போட்டார்.
தாமதக் கட்டணத்தைத் திருப்பச் சம்மதித்தார்.
படங்களுக்கான நூற்று அறுபத்தைந்து மட்டும் அப்படியே.
ஆள் போனது நிஜம்தானே, என்றார்.

நிஜம்தான்.
ஏப்ரலில் சேறு. ஜூனில் வேலியோரம் லைலாக்.
செப்டம்பரில், மஞ்சள் வீட்டை மறைத்துக்கொண்டு
அதைவிட மஞ்சளாகப் பேருந்து.
பதினொன்றாவதில்
மேலங்கி போடாமல் வெளியே வந்து
நேராகப் பார்க்கிறாள்.
கையில் பனி தள்ளும் மண்வாரி.
வாய் திறந்திருக்கிறது.
என்ன சொன்னாள் என்று
படமெடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

பதினொன்றுக்கும் அவள்தான் காசு கொடுத்தாள்.
ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.