முதலில் எது, பிறகு எது

ஜூன் முப்பதோடு செத்துப்போனது அட்டை.
பாயான் பாரு கிளினிக்கில் சியூ இங்
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்,
சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு முறை.
"ஆண்ட்டி, இது இனிமே வராது."
முழங்கால் வலி மட்டும் வந்திருந்தது, வழக்கம்போல.

முப்பத்தொரு வருஷம் சிப் பார்த்த கண்.
கொசுக்காலைவிட மெல்லிய தங்கக் கம்பி
எந்த முனையில் விட்டுப்போயிருக்கிறது என்று
லென்ஸுக்குக் கீழே கண்டுபிடித்தவள் நான்.
யூனியன் தந்த தாளில்
பதினோராம் விதி அதைவிடப் பொடி.

"முதல்ல அரசாங்கம், அப்புறம்தான் நாம, அக்கா"
என்கிறார் செயலாளர் அருள்நாதன்.
அங்கே இல்லாததை
இல்லையென்று அவர்களே எழுதி
முத்திரை குத்தித் தந்தால்
வருஷத்துக்கு எண்ணூறு வெள்ளிவரை.
பெரியாஸ்பத்திரி முகப்பில் கேட்டேன்.
"கம்பெனி அட்டை இருந்ததா?
முடிஞ்சுபோச்சுன்னு கடிதம் கொண்டு வாங்க."

தேத்தண்ணிக் கடையில்
நான் கொடுக்கிறேன் நான் கொடுக்கிறேன் என்று
கையைப் பிடித்து மல்லுக்கட்டும் ஊர் இது.
இங்கே இரண்டு பேரும்
பில்லை அடுத்தவர் பக்கம் தள்ளுகிறார்கள்.
நடுவில் ஆறுகிறேன்.

நகராண்மைக் கழகத்தில்
தெருவிளக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் சிங்காரவேலு.
அவர் நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்தது
என் கம்பெனி அட்டையில்;
தனியார் ஆஸ்பத்திரி, ஜன்னலில் கடல்.
"பெண்டாட்டி அட்டையில படுத்திருக்கேன்" என்று
பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்,
வெட்கமா பெருமையா
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருடைய பென்ஷன் தாளைத் தேடி எடுத்தோம்.
இரண்டாம் வரியில் நான்: இஸ்தெரி,
மலாயில் மனைவி.
இஸ்திரி போட்டதுபோலத்தான் இருந்தது அதுவும்,
ஏழு வருஷமாய் யாரும் பிரிக்காத மடிப்பு.

விடியுமுன் வரிசை. எண் 3116.
"யார் பென்ஷன்?"
"இவரோடது."
என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
இவர் வாயே திறக்கவில்லை.

மருந்து கிடைத்தது, காசு கேட்கவில்லை.
"முழங்காலுக்குப் பட்டை இங்க கிடையாது,
வெளியே வாங்கிக்குங்க" என்றாள் சின்ன டாக்டர்.
"அதை அப்படியே எழுதிக் கொடும்மா.
முத்திரையோட."

இல்லை என்று ஒரு தாள் கிடைத்த சந்தோஷத்தில்
எதிர்க்கடையில் இரண்டு தே தாரிக்.
பில் வந்தது.
இரண்டு பேரும் கையை நீட்டினோம்.