கிழக்குக் கலரி: கட்டமைப்பு அறிக்கை

கூட்டம் நாலு மணிக்கு என்றார்கள்.
ஐந்தேகாலுக்குத்தான் மைக் வாய் திறந்தது,
அதுவும் கரகரத்து.
என் மடியில் சுத்தியல், அளவு நாடா,
சபை முத்திரை குத்திய படிவம்.
பேணலாம். அகற்றலாம்.
இரண்டு பெட்டி; ஒன்றில்தான் சரி போடலாம்.

இடிக்க வேண்டும் என்றார் திலகேஸ்வரன்,
சூரிச்சிலிருந்து வந்து பதினொரு நாள்.
கையில் சுருட்டிய படம். விரித்தால்
நீலக் கதிரைகள், இரவு விளக்கு,
மழைக்கு ஒதுங்கக் கூரை,
கூரை விளிம்பில் கொடையாளர் பெயர்கள்
கழகத்தின் பெயரைவிடப் பெரிதாக.
"பழசு பழசெண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டா
பிள்ளையளின்ர தலையிலதான் விழும்."
கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பிழையில்லை.

சுவக்கீன் எழும்பி, மூக்குக் கண்ணாடியைத் தேடி,
கலரி கட்டிய கணக்கைக் கொப்பி பார்த்து வாசித்தார்.
கருவாட்டு ஏலத்தில் ரூபாய்க்கு இரண்டு சதம்.
ஒவ்வொரு வள்ளமும் ஒரு நாள் மீன்.
மேசன் கூலி, பாதி கடன்.
கல், குருநகர் வண்டிலில் எட்டு நடை.
மணல், இலவசம்.
"எங்கட அப்பன்மாரின்ர மீன் இது, தம்பி.
நீர் இடிக்கிறது படிக்கட்டையில்லை."
அவருக்கும் கைதட்டினார்கள்,
அதே கைகள்.

மணல் இலவசம் என்ற இடத்தில்
நான் பேனையை மூடிவிட்டேன்.

காலையிலேயே தட்டிப் பார்த்தாயிற்று.
ஏழாம் படியிலிருந்து மேலே
சுத்தியலுக்கு வருகிற பதில் வெறும் பானைச் சத்தம்.
பொருக்கை உரித்தால் உள்ளே கம்பி
முருங்கை ஈர்க்காய் மெலிந்து கிடக்கிறது.
கலவைக்குள் சிப்பித் துண்டு, முழுசாய் ஒரு சோகி.
கடற்கரை மண்ணைக் கழுவாமல் போட்டிருக்கிறார்கள்.
ஒவ்வொரு கோலுக்கும் சனம் துள்ளிக் குதித்தபோது
கீழே உப்பு
அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஆனால் வடக்கு மூலை.
ஷெல் விழுந்து பிளந்த இடத்தை
சீமெந்துக்குத் தடையிருந்த நாளில்
சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்து
யாரோ அடைத்திருக்கிறார்கள்.
அங்கே சுத்தியல் துள்ளித் திரும்பி
என் மணிக்கட்டை உலுக்கியது.
கொப்பியில் அதற்கு ஒரு வரியும் இல்லை.
யார் செய்தது என்று கேட்டேன்.
ஆளையாள் பார்த்தார்கள்.
"அப்ப இஞ்ச ஆர் இருந்தது, மிஸ்?"

பிறகு சத்தம் கூடியது.
சூரிச் காசென்றும் கருவாட்டுக் காசென்றும்
இரண்டு பக்கம் பிரிந்து நின்றார்கள்.
பின்வரிசையிலிருந்து றெஜீனா கேட்டாள்:
"நாங்கள் எப்பவாவது அதில இருந்தனாங்களோ?
மதிலுக்கு வெளியில பூவரசில ஏறி நிண்டுதான் பாத்தது.
இடியுங்கோ, விடுங்கோ.
எங்களுக்கு ஒரு கக்கூசாவது கட்டுங்கோ."
சிரித்தார்கள்.
செயலாளர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.
நான் எழுதினேன், படிவத்தின் ஓரத்தில்.
அதற்குப் பெட்டி இல்லை.
அந்தப் பூவரசு எனக்கும் தெரியும்;
இடது முழங்காலில் அதன் அடையாளம் இருக்கிறது.

ஏழு பேர் கொண்ட உபகுழு என்று முடிந்தது.
பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

காலையில் நானே கட்டிய
'ஏறக் கூடாது' நாடாவைக் குனிந்து கடந்து
ஆறாம் படியில் போய் இருந்தேன்.
ஆறாம் படி தாங்கும்.
முதல் தடவையாக இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன்:
காற்று போன பந்து, செருப்பால் கோல் கம்பம்,
பதினாலு பேரா பதினைந்தா, எண்ணி முடியவில்லை.

ஒன்பதாம் படியில் ஒரு பொடியன்,
காலை ஆட்டிக்கொண்டு.
"தம்பி, இறங்கி இஞ்ச வாரும்."
"ஏனக்கா?"
"இஞ்சயிருந்துதான் கோல் வடிவாத் தெரியும்."

வந்தான். இருந்தான். கழுத்தை நீட்டினான்.
"பொய் சொல்லுறியள்.
இஞ்சயிருந்து கொடிக்கம்பம் மறைக்குது."

மறைக்கத்தான் செய்தது.