ஆறாவது அடி

எல் ஆல்ட்டோ மேட்டில்
காற்றில் பாதி மூச்சுதான் இருக்கிறது.
மீதியைப் பாசிலியா தன் தொண்டையிலிருந்து போடுகிறாள்:
"வா மகராசி, கருப்புக் கிழங்கு, மாவா வேகும்,
உன் மாமியாரே வாயடைச்சுப் போவா."
மாமியார் இருக்கிறாளா என்று கேட்பதில்லை.

விலை கேட்டு நகர்கிறவர்கள்
ஏழாவது அடியில் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஆறில் கூப்பிட்டால் நட்டம்.
எட்டில், ஆளே இல்லை.

இரவு சூப்பைக் கிளறியபடி
மகள் நைரா ஆரம்பித்தாள்:
இக்கிகே துறைமுகம், மீன் தொழிற்சாலை,
ரெண்டு வருஷம்.
ஆறு மாதம் என்றாள் இவள்.
ஒன்றரை வருஷம்.
கடல் காற்று உன் நெஞ்சுக்கு ஆகாது, எட்டு மாதம்.
அங்கேதாம்மா மூச்சு விடுறது சுலபம்.
சூப் ஆறிப்போனது.
பதினான்கு மாதத்துக்குப் படிந்தது,
கொசுறாக
ஞாயிறுதோறும் ஒரு போன்.

பேருந்து நிலையம்.
பையை மாட்டிக்கொண்டு நடந்தாள் நைரா.
நாலு. அஞ்சு.
ஆறில் கூப்பிட்டுவிட்டாள் பாசிலியா.
"போர்வையை மறந்துட்டியே!"

விடியுமுன்
பையிலிருந்து அதை உருவித்
தன் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டவள்
அவளேதான்.