இனம் என்ற கட்டம்

ஹட்டனில் மழை நிற்காத மூன்றாம் நாள்.
கூடைமலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த
செபமாலையம்மா
கொழுந்துக் கூடைக்குள் கைவிட்டு
நனைந்த தலையணை ஒன்றை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
தலையணை கண் திறந்தது.
செம்புக் காசு நிறம்.

"மயிரு பூரா சிக்கு. நக்கி நக்கி வாந்தியா எடுக்குது."

முதலில் வயிறு, பிறகு தொடையிடுக்கு,
வால் கடைசி.
ஆறு வருடமாக இந்த வேலைதான் எனக்கு.
மேலே நீள மயிர், கீழே பஞ்சு;
பஞ்சுதான் முடிச்சுப் போடும்.
பலமாக இழுத்தால் தோலே கூட வரும்.
காது நுனியில் குஞ்சம். விரல்களுக்கு நடுவிலும் மயிர்,
யாரோ வீட்டுக்குள் மட்டும் நடக்கச் சொல்லித் தைத்துக் கொடுத்த
செருப்பு மாதிரி.
இது அதைப் போட்டுக்கொண்டு
பதினெட்டாம் நம்பர் மலையெல்லாம் ஏறியிருக்கிறது.

சீப்பில் வந்தவை:
ஒட்டுப்புல் விதை, எண்ணவில்லை.
தேயிலைப் பூவின் ஓர் இதழ்.
அடுப்புச் சாம்பல்.
அக்குளில், குடித்து உருண்டு
தூங்கிக்கொண்டிருந்த அட்டை ஒன்று.
உப்பு வைத்தேன். விழுந்தது.
பூனை என்னைப் பார்த்து
ஒன்றும் சொல்லவில்லை.
இந்த வகை அதிகம் பேசாது.

சுவரில் பூனை உணவுக் கலண்டர்.
அதிலிருக்கும் பரிசு வாங்கிய பூனைக்கு
மூக்கு உள்ளே போய்
இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
அழாமலே கண்ணீர் வடியும் முகம்.
படி ஏறினாலே மூச்சு வாங்குமாம்.
இதற்கு மயிர் மட்டும்தான் அங்கேயிருந்து.
மூக்கு லயத்து மூக்கு,
நெத்தலி வறுத்தால்
மூன்று வீடு தாண்டிக் கண்டுபிடிக்கும்.

"இதோட அம்மா மொட்ட மயிருக்காரி.
அப்பன் பத்தாம் நம்பர் லயத்துக் கறுப்பன்,
அவனுக்கும் கட்ட மயிருதான்.
அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

டொக்டர் நிலூஷா கை கழுவிக்கொண்டே சொன்னார்:
நீள மயிர் ஒளிந்திருக்கும்.
தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு,
இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே வரும்.
இல்லாவிட்டால் தலைமுறை தலைமுறையாகக்
குட்டை மயிருக்குள்ளே குந்திக்கொண்டிருக்கும்.

"அப்ப அதுதான்" என்றாள் செபமாலையம்மா.
கப்பலேறிப் போன துரைசானி ஒருத்தி
பங்களாவில் விட்டுப் போன பூனை
ராத்திரியில் லயத்துக்கு இறங்கி வருமாம்.
துரைசானி இல்லை, கண்டாக்கையா பூனை என்று
பத்தாம் நம்பர்காரர்கள் சொல்வார்களாம்.
பார்த்தவர் யாரும் இல்லை.

அட்டை எழுதினேன்.
பெயர்: கம்பளி.
வயது: இரண்டு, கிட்டத்தட்ட.
இனம்:

"பாரசீகக் கலப்பு என்று போடு" என்றார் டொக்டர்.
போடும் முன்பே அவரே சிரித்தார்.
பாரசீகப் பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது
பாரசீகம் அகப்படவில்லையாம்.
ஐரோப்பாப் பூனைகளுக்குத்தான் கிட்டத்துச் சொந்தமாம்.
எப்போதோ எவரோ ஏறிய கப்பலில்
பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

பேனை நின்றது.
என் பிறப்புச் சான்றிதழிலும் இதே சொல்,
இதே அகலத்தில் ஒரு கட்டம்.
அப்பாவின் இனம்: இந்தியத் தமிழர்.
அப்பா கடல் பார்த்தது ஒரே தடவை,
காலி முகத்திடலில்,
இறால் வடை சாப்பிட்டுக்கொண்டு.
இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
வடையைக் காட்டி
"ஆறுது, தின்னு" என்றார்.

"என்னாத்துக்கு யோசிக்கிறீங்க,
பூனன்னு போடுங்க."

மழை கொஞ்சம் விட்டது.
சீப்பில் திரண்ட மயிரைக் குப்பையில் போடப் போனேன்.
அவள் கை நீட்டி வாங்கி
சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.
சன்னல் சந்தில் அடைக்கவாம்.
ராத்திரி காற்று அந்த வழியாகத்தான் வருகிறதாம்.

கூடை தலைக்கு ஏறியது.
உள்ளேயிருந்து நாடாவுக்கு மேல்
ஒரு மூக்கு
டவுனை மோந்து பார்த்துக்கொண்டே போனது.