நகரம் பிறக்கும் இடம்

தோ பாயோ லோரோங் எட்டில், கோப்பிக் கடைக்கு மேலே,
டாக்டர் குவெக் என் வாயில் ஒரு தட்டை வைத்து அழுத்தினார்.
இளஞ்சிவப்புக் களிம்பு. புதினா மணம்.
மூக்கால் மூச்சு விடுங்கள், மூன்று நிமிடம்.
எச்சில் முழங்கைவரை வழிந்தது.
இருபத்தாறு ஆண்டில் முதல்முறையாக
எனக்கு ஒரு மொழியும் இல்லை.

பிறகு ஒரு நாள், சாவிக்கொத்துப் போல
பல் பல்லாகத் தொங்கும் நிற அட்டை.
வெள்ளை வேண்டாம், என்றேன்,
கோப்பி ஓ குடித்த பல் வேண்டும்.
மேலே முழு வரிசை. கீழே ஐந்து மட்டும்,
எனக்கு மிஞ்சிய பற்களைக் கம்பியால் பற்றிக்கொண்டு,
எம்ஆர்டியில் கைப்பிடி பிடித்து நிற்பவர்கள் மாதிரி.

அறுபதிலிருந்து எழுபதுவரை எண்ணச் சொன்னார், ஆங்கிலத்தில்.
சிக்ஸ்டி சிக்ஸில் சீழ்க்கை வந்தது.
ஓரத்தைத் தேய்த்தார். சீழ்க்கை நின்றது. சரி, என்றார்.
தமிழை யார் சோதிப்பது?
லிஃப்ட் கண்ணாடியில் நானே சொல்லிப் பார்த்தேன்:
நான்.
பல்லைத் தேடிப் போன நாக்கு
ஒரு பிளாஸ்டிக் சுவரில் முட்டி வழுக்கியது.

பள்ளியில் ஒப்பித்த இலக்கணம்தான்.
மேற்பல்லின் அடியை நா தொட நகரம் பிறக்கும்.
பல் என்று சொல்லப் பல் தேவையில்லை,
உதடும் அண்ணமும் போதும்.
ஆங்கிலத்து ஐ-க்கும் தேவையில்லை,
வாய் திறந்தாலே வந்துவிடும்.
நான் சொல்லத்தான் வேண்டும்.
நீ சொல்லவும்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த நான் கிடையாது.
‘அடித்ததாகச் சொல்கிறார்’ என்பது தப்பு.
‘அடித்தேன்’ என்றே சொல்ல வேண்டும்.
அன்றைய வழக்கு: துவாஸ் விடுதிச் சமையலறை,
ஒரு ரசப் பாத்திரம், இரண்டு நண்பர்கள்.
குற்றச்சாட்டில்: முன்பற்கள் இரண்டு.

“எங்கம்மாவ இழுத்துட்டான்யா. கை தானா போயிருச்சு,”
என்றான் புகழேந்தி.
ஐ, என்றேன் நான் அவனாக. சுலபம்.
திரும்பும் வழிதான் கடினம்.
நீதிபதி பேசி முடித்தார். அவன் பக்கம் திரும்பினேன்.
இடது ஈற்றில் மூன்று நாள் புண்.
நான், என்றேன். மேல்வரிசை இறங்கியது.
குனிந்திருந்தவன் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன்.
மறுபடியும்:
நான் உங்களுக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கிறேன்.

தாழ்வாரத்தில் ஒருவன் கையால் வாயை மூடிக்கொண்டு நின்றான்.
“அக்கா, பல்செட்டா? வலிக்குமா?”

ராத்திரி கழற்றிவிடு, ஈறும் தூங்கணும்.
டம்ளர் தண்ணியில் போட்டு வை.
வெந்நீர் கூடாது, வளைஞ்சுபோகும்.
பேசினில் தண்ணி நிரப்பிட்டுக் கழுவு,
கை நழுவினா தண்ணியில் விழட்டும்.
பற்பசை கீறும். சோப்பு ஒரு சொட்டு போதும்.
முதல் வாரம் கஞ்சி. முறுக்கை மறந்துடு.
குத்துதுன்னு நீயே அரம் எடுத்துத் தேய்க்காதே.
(புண்ணை நான் டாக்டரிடம் இன்னும் காட்டவில்லை.)
எதையாவது சத்தமாப் படி, பஸ் நிறுத்தப் பலகையையாவது.

எல்லாம் கேட்டான். பிறகு,
“அவன் எப்பக்கா வெளிய வருவான்?
எங்க ரூம்ல சமைக்கிறது அவன்தான்.”
அதை நான் சொல்ல முடியாது, என்றேன்.
வழுக்கவில்லை.

இரவு. பற்கள் டம்ளரில்.
பதினான்காவது மாடி ஜன்னல், கீழே விளக்குகள்.
வெறும் ஈறோடு நகரம் என்று சொல்லிப் பார்த்தேன்.
“என்ன அகரம்?” என்றார் ஞானசெல்வன்,
கட்டிலில் இருந்தபடி.
ம், என்றேன்.
அதற்கு உதடு போதும்.