தலைப்பாகையின் விலை

பஸ்வாங் மலைப்பாதையில்
மூன்றாவது வளைவு முடியும் இடத்தில்
ட்ராக்டர் ஒன்று தன் சக்கரச் சேற்றை
உதறிவிட்டுப் போயிருந்தது.
அவ்வளவுதான்.
மழை இல்லை, மது இல்லை,
வேகம்கூட வழக்கத்தைவிடக் குறைவு.
போலீஸ் அறிக்கையில் அதற்கு இரண்டு வரி.

எனக்கு அது நீண்டது.
வானம் ஒருமுறை, தார் ஒருமுறை,
மறுபடி வானம்,
பிறகு ஓர் ஓசை:
தாடைக்கு விரலளவு முன்னால்
யாரோ கல்லில் கத்தி தீட்டுவதுபோல.
தேய்வது நான் இல்லை என்று விளங்க
நேரம் பிடித்தது.

சறுக்கி நின்றபோது புல் வாசம்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு
மணி குலுங்காமல் பார்த்தது.
கையுறைக்குள் விரல்களை எண்ணினேன்.
இடக்கையில் உறை இல்லை, ஆனால் ஐந்தும் இருந்தன.
தமிழில் பத்து.
சந்தேகத்துக்கு ஜெர்மனில் இன்னொரு பத்து.

அம்புலன்ஸ் பெடியன் கத்தரிக்கோலோடு குனிந்தான்.
ஜாக்கெட்டை வெட்டவேணும் என்றான்.
வேண்டாம், அறுநூற்று நாற்பது பிராங்க் என்றேன்.
தோளெலும்பு முறிந்தவள் பேசுகிற பேச்சா அது?
அவன் சிரிக்கவில்லை.
தையலைத் தடவித் தேடி
தையல் வழியே வெட்டினான்.
நல்ல பெடியன்.

"உந்தக் காசுக்கு ஒரு சோடி தோடு எடுக்கலாமே"
என்று வாங்கிய அன்று கேட்டவள் மைத்துனி கமலவேணி.
இப்போது இரண்டு காதும் இருக்கின்றன.
தோட்டைப் பிறகு பார்ப்போம்.

சொலத்தூண் ஆஸ்பத்திரியில்
எனக்கு உடுத்திய அங்கி
போன கிழமை நானே மடித்ததாக இருக்கலாம்.
பதினொரு வருஷம் அந்தச் சலவைக்கூடத்தில்
இரத்தக் கறையை வெந்நீரில் போடாதே என்று
புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.
அந்தக் கறைக்குள் ஆள் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

இனி ஒன்றைச் சொல்லவேண்டும், பெருமை இல்லாமல்.
அன்று வெக்கை.
தடித்த காற்சட்டையை வீட்டில் விட்டு
சும்மா ஜீன்ஸோடு ஏறினேன்.
அதனால் என் இடுப்பில் ஓர் எல்லைக்கோடு,
தேசப்படத்தில் இருப்பதுபோல.
கோட்டுக்கு மேலே
முழங்கை தேயவேண்டிய இடத்தில்
தோல் கிழிந்து, துணி கிழிந்து,
மஞ்சள் பஞ்சு பாதி கரைந்து நின்றுவிட்டது.
அதன் பின்னால் என் முழங்கை, ஒரு கீறலும் இல்லாமல்.
கோட்டுக்குக் கீழே
இடது தொடைக்குத் தோல் போதாமல்
வலது தொடையில் கடன் வாங்கினார்கள்.
ஒரே உடம்பு, ஒரே வளைவு, ஒரே நொடி.
இதைவிட நேர்மையான விளம்பரம்
எந்தக் கடையிலும் இல்லை.

போனில் எல்லோருக்கும் ஒரே வாசகம்:
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.
ஓம், ஓம் என்றேன்.
தலைப்பாகை என்ன விலை என்று மட்டும்
ஒருவரும் கேட்கவில்லை.
நேசராசா நல்லூருக்கு நேர்த்தி வைத்தார். வைக்கட்டும்.
நான் ஜாக்கெட்டின் உட்பையைப் புரட்டி
ஒரு சின்னச் சீட்டைக் கண்டேன்:
சியால்கோட், பரிசோதித்தவர் எண் 14.
பதினாலாம் நம்பரே,
அன்று உமக்குத் தலையிடி இருந்திருக்கலாம்,
வீட்டுக்குப் போக அவசரம் இருந்திருக்கலாம்.
ஆனாலும் அந்தத் தையலை
இரண்டாம் முறை இழுத்துப் பார்த்திருக்கிறீர்.

மூன்றாம் கிழமை
ட்ராக்டர்காரர் ஃப்ளூரி கதவைத் தட்டினார்.
கையில் என் இடக்கை உறை.
புல் வெட்டும்போது கிடைத்ததாம்,
மனைவி துவைத்தாளாம்.
மன்னிப்பு என்ற சொல்லுக்குக் கிட்ட வந்து வந்து
அவர் வாய் திரும்பியது.
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.
உறை சுருங்கி, இப்போது
ஒரு சிறுபிள்ளையின் கைக்கு அளவு.

ஹெல்மெட்டுக்கு ஒரு விழுகைதான் ஆயுள்.
வெளியே சிராய்ப்பு, உள்ளே தெரியாத வெடிப்பு.
வியாழக்கிழமை, வரி கட்டிய குப்பைப் பையில் போட்டு
வாசலில் வைத்தேன்.
லாரி வரும்வரை ஜன்னலடியில் நின்றேன்.
இரண்டு பிராங்க் பைக்குள்
என் தலையளவு உருண்டை.

நேற்று ஓல்டனுக்கு ரயிலில் போனேன்.
விற்பனைப் பெண் ஜாக்கெட்டுகள் பக்கம் கை காட்டினாள்.
முதலில் காற்சட்டை என்றேன்.