நாலு இடைவெளி

மூன்று கிழமை சண்டை பிடித்தோம்
ஒரு நெளிவு அடைப்புக்குறிக்காக.

துறைமுக எடைப்பாலத்தில் லொறி நிறுக்கும்
சி நூலகம். நாற்பத்தொரு கோப்பு.
சேந்தன் எழுதினால் அடைப்புக்குறி
தனி வரியில் இறங்கி நிற்கும்,
கோயில் வாசலில் கழற்றிய செருப்பு மாதிரி.
நஸ்மியா அதை வரியின் வாலிலேயே கட்டிவிடுவாள்,
கடதாசி மிச்சம் பிடிப்பவள் போல.
மதுரங்க டாப் தட்டுவான்.
அவன் திரையில் நாலு, என் திரையில் எட்டு,
அச்சடித்தால் வலது ஓரம் தாண்டி
கொள்ளுப்பிட்டிக் கடலுக்குள் போய்விடும்.

பெயர் பார்க்காமலே சொல்லுவேன் யார் கை என்று.
நட்சத்திரக் குறி வகையோடு ஒட்டினால் ஒருத்தி,
மாறியோடு ஒட்டினால் மற்றவன்,
இரண்டுக்கும் நடுவில் மிதந்தால்
பிளேன்டீ ஆற முன் எழுதி முடித்த
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை.

மூன்று மொழியிலும் கத்தி ஓய்ந்து
கடைசியில் கை தூக்கி முடிவெடுத்தோம்:
நாலு இடைவெளி. டாப் இல்லை.
அடைப்புக்குறி அதே வரியில்.
எண்பது எழுத்துக்குள் வரி முடிய வேண்டும்.
சேந்தன் இரண்டு நாள்
எங்களோடு மதியம் சாப்பிடவில்லை.

புதன் இரவு, எல்லோரும் போன பிறகு,
டுப்ளிகேஷன் வீதியில் மழை பஸ்களைக் கழுவிக்கொண்டிருக்க
கட்டளையை ஓட்டினேன்.
பதினோராயிரம் வரி
ஒரு மூச்சில் நிமிர்ந்தன.
யார் கை என்று இனிச் சொல்ல முடியாது.

ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டேன்:
நஸ்மியா நிரை நிரையாகப் பிடித்து அடுக்கிய
அச்சு எடைத் திருத்த அட்டவணை.
அதன் தலையில் அவள் குறிப்பு:
'தயவுசெய்து தொடவேண்டாம், மூன்று நோன்பு நாள் போனது.'
தொடவில்லை. கருவிக்கும் சொல்லிவைத்தேன்.

பிறகு வித்தியாசங்களைப் புரட்டினேன்,
வெறும் வெளிதானே, வெளி பொருளை மாற்றாது என்று
கொட்டாவி விட்டபடி.
இருநூற்றுப் பதினெட்டாம் வரியில் கை நின்றது.
ஒன்பது வருடமாக அது இப்படி இருந்தது:

எடை பிழையானால்
    பிழையை எண்ணு;
    இரண்டு செக்கன் பொறு;

இப்போது இப்படி:

எடை பிழையானால்
    பிழையை எண்ணு;
இரண்டு செக்கன் பொறு;

கருவி ஒன்றையும் மாற்றவில்லை.
அந்த வரி எப்போதும் வெளியேதான் நின்றது,
நாங்கள்தான் அதை உள்ளே உட்கார்த்தி வைத்துப் படித்தோம்.
அடைப்புக்குறி போடாத 'ஆனால்'
ஒரு வரியைத்தான் பிடிக்கும்.
எடை சரியான லொறிக்கும் பிழையான லொறிக்கும்
ஒரே கட்டளை.

ஒரு நாளைக்கு எத்தனை லொறி என்று
கணக்குப் போடத் தொடங்கி நிறுத்தினேன்.
புளூமெண்டல் வீதி வெயிலில்
கதவை வெளியிலிருந்து தட்டித் தட்டி
ஹோர்ன் அடித்த ஒருவனையும் எனக்குத் தெரியாது.

எழுதியது யாரென்று பதிவைக் கேட்டேன்.
என் பெயர் சொன்னது.
சரிதான், இன்றிரவு எல்லா வரிக்கும் என் பெயர்தான்.
அதற்கு முந்திய கையைக் கேட்டேன்,
சேந்தனாக இருக்கும் என்று, கொஞ்சம் ஆசையோடு.
அங்கேயும் நான்.
வேலைக்கு வந்த முதல் மாதத்துப் பைரவி,
பாஸ்போர்ட்டில் இருப்பது போல
எச் இல்லாத பைரவி.

இரண்டு அடைப்புக்குறி போட்டேன்.
படம் பிடித்து சேந்தனுக்கு அனுப்பினேன்.
நடுச்சாமத்தில் பதில் வந்தது:
'தனி வரியில் போடப் பழகியிருந்தால்
அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.'

புதிய பதிப்பு துறைமுகத்துக்குப் போக
அடுத்த செவ்வாய் ஆகும்.
கீழே இறங்கி வெள்ளவத்தைக்கு ஆட்டோ பிடித்தேன்.
மீட்டரைத் தட்டிவிட்டு அவர் காத்திருந்தார்,
அது விழித்துக்கொள்ள
இரண்டு செக்கன் எடுத்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.